தேங்கா வெட்டுற அருவாளுக்கும் ஆதார் கார்டா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல அமெரிக்கா துப்பாக்கி உரிமை பத்தின கட்டுரை படிச்சேன். 1791லயே அரசியல் சட்டத்துல எழுதிட்டாங்களாம், இன்னிக்கு வரைக்கும் அத வச்சு அடிச்சிக்கிறாங்களாம். நமக்கு எதுக்குங்க துப்பாக்கி, எனக்கு அருவா வச்சிக்க உரிமை இருக்கா இல்லையான்னே தெரியாமத்தான் போன அக்டோபர் கடைசில ஒரு செக்போஸ்ட்ல ரெண்டு மணி நேரம் நின்னேன்.

நமக்கு சோழவந்தான் பக்கம், தென்னையும் கொஞ்சம் வாழையும். அன்னிக்கு தேவர் குருபூஜை பந்தோபஸ்து. வண்டியில சாக்குல சுத்தி ஒரு வெட்டருவா, ஒரு பன்னருவா, சாணை பிடிச்சு எடுத்துட்டு வந்தேன். எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன், அதுக்கப்புறம் பேச்சே மாறிப்போச்சு. "இத வச்சு நீ தேங்காதான் வெட்டுவன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்"னு கேட்டாரு ஒருத்தரு. ஞாயமான கேள்விதான், அவரு மேல கோவமில்ல, ஆனா பன்னருவாளையும் சேத்துல்ல வாங்கி வச்சாங்க, அத வச்சு கதிர் அறுக்கலாம், வேற என்னத்த அறுக்கிறது?

வீட்டுக்கு வந்து தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்ட்ட கேட்டேன். 1959 ஆயுதச் சட்டத்துல வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும்னே செஞ்ச சாமான் ஆயுதக் கணக்குலயே வராதாம். அந்தச் சட்டத்தோட விதியில 9 இஞ்சுக்கு மேல நீளம் இல்லன்னா 2 இஞ்சுக்கு மேல அகலம்னு வாள், கத்தி, ஈட்டியெல்லாம் போட்டிருக்கு, அதுலயும் விவசாயத்துக்கு செஞ்சத விட்டுட்டாங்க. அந்த வாள் கத்திக்கே லைசென்ஸ் கேக்கணும்னா மத்திய அரசு அந்த ஏரியாவ தனியா அறிவிச்சிருக்கணுமாம். துப்பாக்கிக்கு மட்டுந்தான் நாடு பூரா லைசென்ஸ். ஆகமொத்தம் என் வெட்டருவா 9 இஞ்சுக்கு மேல இருந்தாலும் தப்பில்ல, ஆனா அது எதுக்குன்னு செஞ்சதுன்னு ரோட்டுல நின்னு யாரு நிரூபிக்கிறது? அங்கதான் ஊர் பேரு வந்து உக்காந்துக்குது.

நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்ல. 1801ல மருது சகோதரர்கள தூக்குல போட்டுட்டு, பாளையக்காரங்க கோட்டைய இடிச்சுட்டு, ஜனங்க ஆயுதமே வச்சிருக்கக்கூடாதுன்னு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அறிக்கை விட்டான். 1878ல வைஸ்ராய் லிட்டன் கொண்டாந்த ஆயுதச் சட்டம், அதுல வெள்ளக்காரனுக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். அந்தக் கோவத்துலதான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்துல, விதிமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வச்சிக்கிறது ஒவ்வொரு குடிமகனோட உரிமைன்னே எழுதினாங்க. அப்புறம் 1948ல அரசியல் நிர்ணய சபையில காமத்னு ஒருத்தர் அத அடிப்படை உரிமையில சேக்கணும்னு கேட்டாரு, அம்பேத்கர் ஒத்துக்கல. இப்ப நம்ம சட்டத்துல இருக்கிறது ஆயுதம் இல்லாம அமைதியா கூடுற உரிமைதான். அம்பேத்கர் பக்கம்தான் நான், தெருவுக்குத் தெரு துப்பாக்கி இருந்தா நம்மூர் கோயில் கொடைக்கு யாரு போறது. (கர்நாடகா குடகுக்காரங்களுக்கு மட்டும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வச்சிக்க விலக்கு இருக்கு, 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, அது அவங்க பாடு.)

பட்டாக்கத்தியில பர்த்டே கேக் வெட்டி ரீல்ஸ் போடுற பயலுகளப் புடிச்சு உள்ள போடுங்க, நானே கை தட்டுறேன். 2021 செப்டம்பர்ல வரிசையா கொலை விழுந்தப்ப போலீஸ் பட்டறைக்காரங்களக் கூப்பிட்டு, அருவா வாங்குறவன் பேரு, அட்ரஸ், போன் நம்பர் எழுதி வைங்க, கேமரா மாட்டுங்கன்னு சொன்னதும் சரிதான். ஆனா எங்க ஆசாரி பழைய லாரி ஸ்பிரிங் பட்டாவ அடிச்சு மாசத்துக்கு எத்தன அருவா செய்வாரு, அதுல கேமராவுக்கு எங்க போவாரு? வெட்டணும்னு நெனச்சவன் ஆதார் குடுத்தா வாங்கப் போறான்? இப்ப ஆசாரி தெரிஞ்ச மொகத்துக்கு மட்டும்தான் செய்யிறாரு, அழகர்கோவில் பதினெட்டாம்படி கருப்புக்கு நேர்த்திக்கடன் அருவா கேட்டு வந்தவங்களயே திருப்பி அனுப்பிட்டாரு.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், போலீஸ் அதிகாரிங்க கண்ணுல படுற மாதிரி போடுங்க. பட்டறையில பேரு எழுதுறாங்கள்ல, அதையே ஒரு சீட்டா கிழிச்சு, என்ன அருவா, என்ன வேலைக்குன்னு எழுதி எங்க கையில குடுக்கச் சொல்லுங்க. செக்போஸ்ட்ல அதக் காட்டினா விட்டுரணும். சந்தேகம்னா வாங்கி வச்சுக்கங்க, ஆனா வாங்கினதுக்கு ரசீது குடுங்க. எனக்கு குடுக்கல. மூணு நாள் கழிச்சுப் போனா பன்னருவா மட்டும்தான் இருந்துச்சு, வெட்டருவா யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்.

இப்படிக்கு,
சோழவந்தான் பக்கத்து தென்னை விவசாயி