24 சட்டைகளின் கணக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே என் கண்ணாடியின் பவர் கூடியதைத் தவிரப் புதிதாக ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோக்க இப்போது மகனைத்தான் கூப்பிடுகிறேன், அலுத்துக்கொண்டே வருகிறான்.

எம்பிராய்டரி மெஷின் வாங்கிய செய்தியைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதிவிட்டு, ஆர்டருக்கு எப்படி விலை சொல்வது என்று கேட்டிருக்கிறாய். 'மற்ற கடையில் வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறேன்' என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. அந்தக் கடைக்காரர் எதை வைத்து விலை சொல்கிறார் என்று உனக்குத் தெரியுமா? அவரும் இன்னொருவரைப் பார்த்துத்தான் சொல்கிறாரோ என்னவோ.

நான் பட்டதைச் சொல்கிறேன். தொடங்கிய புதிதில் 24 சட்டைகளுக்கு மார்பில் சின்ன லோகோ போடும் வேலை வந்தது. டிசைனில் 6,000 தையல். மெஷினை நிமிடத்துக்கு 800 தையல் வேகத்தில் வைத்திருந்தேன். சட்டைக்கு ஏழரை நிமிடம், ஆக மூன்று மணி நேர வேலை என்று மனக்கணக்குப் போட்டு விலையைச் சொல்லிவிட்டேன். முடிக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிறம் மாறும்போதும் நூலை வெட்டும்போதும் மெஷின் நின்று நின்றுதான் ஓடும். நடுவில் நூல் அறும், அடிநூல் சுற்றிய பாபின் தீரும். ஏழரை நிமிடம் பதினொன்றாகிவிட்டது. சட்டையைச் சுருக்கமில்லாமல் வளையத்தில் பிடித்து மாட்டிக் கழற்ற ஒன்றரை நிமிடம். பிறகு தொங்கும் நூலை நறுக்கி, துணி சுருங்காமலிருக்கப் பின்பக்கம் வைத்த தாளைக் கிழித்து, வளையம் பதிந்த தடம் போக இஸ்திரி போட்டு மடிக்க மூன்று நிமிடம். கூட்டிப் பெருக்கிப் பார், 372 நிமிடம் வரும். பாதி வேலையை நான் இலவசமாகச் செய்திருக்கிறேன்!

ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று மட்டும் விலை வைப்பதில் உள்ள ஓட்டையும் இதுதான். வெறும் பெயர் மட்டும் போட 2,000 தையல் போதும். ஆனால் வளையத்தில் மாட்டுவதும் நறுக்குவதும் மடிப்பதும் அதற்கும் அதே நாலரை நிமிடம்தானே? அதனால் இப்போது உருப்படிக்கு ஒரு கைவேலைக் கூலி, அதற்கு மேல் தையல் கணக்கு என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன். தொப்பி என்றால் கூலி இன்னும் கூடும். வளைந்த பரப்பு, மெதுவாகத்தான் ஓட்ட முடியும்.

அந்த நிமிடத்துக்கு என்ன விலை என்று கேட்பாய். மாத வாடகை, மின்சாரம், மெஷின் தேய்மானம், பழுது, உன் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டு. உன் சம்பளத்தை விட்டுவிடுவாய் என்று தெரியும், அதனால்தான் தனியாக எழுதுகிறேன். அந்தத் தொகையைக் கடை திறந்திருக்கும் நேரத்தால் வகுக்காதே. எட்டு மணி நேரம் திறந்திருந்தால் அதில் ஐந்து மணி நேரம்தான் காசு வரும் வேலை நடக்கும். மீதி நேரம் போனிலும் துணி வாங்கப் போவதிலும் கழியும். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று மாதத்துக்கு எத்தனை நிமிடம் வருகிறதோ, அதால் வகு. லாபத்தை அதற்கு மேல் வை.

'நூல் எவ்வளவு ஆகிவிடப் போகிறது?' என்று பேரம் பேசுவார்கள். அது உண்மைதான். ஆயிரம் தையலுக்கு மேல்நூல் ஐந்தாறு மீட்டர் போகும். 5,000 மீட்டர் கோன் ஒன்றில் அந்த லோகோவை நூற்றுக்கும் மேற்பட்ட சட்டைகளுக்குப் போட்டுவிடலாம். நாம் விற்பது நூலை அல்லவே.

டிசைனை டிஜிட்டைஸ் செய்யும் கூலியை, அதாவது படத்தை மெஷினுக்குப் புரியும் தையல்களாகக் கணினியில் மாற்றும் கூலியை, தனியாக வாங்கு. ஒரு மணி நேர வேலை என்றால் 24 சட்டைக்குத் தலைக்கு இரண்டரை நிமிடமாகப் பிரிந்துவிடும். இரண்டே சட்டை என்றால் தலைக்கு அரை மணி. தனியாக எழுதிக் காட்டினால் சண்டை வருவதில்லை. 'கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்' என்பவர்களிடமும் பொறுமையாகச் சொல்: அகலமும் உயரமும் இரட்டித்தால் நிரப்பும் பரப்பு நான்கு மடங்கு. விலை கட்டுப்படியாகாவிட்டால் பின்புலத்தை நிரப்பாமல் துணியின் நிறத்தையே விட்டுவிடலாம் என்று நானே யோசனை சொல்வதுண்டு. பல நேரம் அதுதான் பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

அவர்களே கொண்டுவரும் துணி கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள். ஒரு ஜாக்கெட்டில் ஊசி ஓட்டை விழுந்து, அந்த ஆர்டரில் வந்த முழுப் பணத்தையும் கொடுத்துப் புது ஜாக்கெட் வாங்கித் தந்தேன். அதன் பிறகுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

அடுத்த ஆர்டருக்குக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ நினைத்த நேரத்தையும் ஆன நேரத்தையும் எழுதி எனக்கு அனுப்பு. முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து துணி மடிக்காதே. மேசை வாங்கு, அதையும் கணக்கில் சேர்.

அன்புடன்,
உன் பழைய தோழி