ஆறு சுவை என்று வாங்கிய டெசர்ட் டீ பெட்டி: இரண்டாவது புகார்

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர், கோயம்புத்தூர்
(ஆர்டர் விவரமும் பில் நகலும் தனித்தாளில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டெசர்ட் டீ பெட்டி (இனிப்புப் பலகாரச் சுவை ஏற்றிய டீ; 6 சுவை, சுவைக்கு 5 பை, விலை ரூ.1,200) தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். இது என்னுடைய இரண்டாவது கடிதம். முதல் கடிதத்துக்கு உங்களிடமிருந்து வந்த பதில் மூன்றே வரி. ‘சுவை என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது’ என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். வாஸ்தவம்தான். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் காசைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பாகற்காய் வாங்கி வந்து கசக்கிறது என்று சண்டைக்குப் போகிற ஆள் இல்லை நான். பாகற்காய் என்று சீட்டு ஒட்டி உள்ளே சுரைக்காய் வைத்திருந்தால் கட்டாயம் கேட்பேன். அதனால் இந்த முறை விருப்பு வெறுப்பை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணால் பார்த்ததையும் பெட்டியில் அச்சடித்திருந்ததையும் மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவர் கை தன்னால் ஃபிரிட்ஜ் கதவுக்குப் போகும். போன வருஷம் ஜெர்மனியிலிருந்து வந்த எங்கள் மகள் வனிலா சேர்த்த ரூயிபாஸ் பாக்கெட் ஒன்று கொண்டுவந்தாள். ரூயிபாஸ் தென்னாப்பிரிக்காவின் சீடர்பெர்க் மலைப்பக்கம் விளைகிற ஒரு புதர்ச்செடி. காஃபீன் கிடையாது, ராத்திரி குடித்தாலும் தூக்கம் கெடாது. அதை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, “பாயசம் குடிச்ச மாதிரி இருக்கு” என்றார் மனிதர். ஃபிரிட்ஜ் பக்கம் போகவில்லை. பாக்கெட் தீர்ந்ததும் அதே மாதிரி இங்கே கிடைக்குமா என்று தேடியபோது உங்கள் பெட்டி கண்ணில் பட்டது. ‘முழு இலைத் தேநீர். ஆறு இனிப்புகள். ஒரு கரண்டி சர்க்கரை இல்லை’ என்று போட்டிருந்தீர்கள். கேரமல், சாக்லேட், ஆப்பிள் பை, வனிலா கஸ்டர்ட், தேங்காய் மக்ரூன், ரசமலாய். படங்களைப் பார்த்தால் யாருக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

பார்சல் வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. பெட்டியைத் திறந்ததும் பட்டை வாசம் ஆளைத் தூக்கியது. ஆப்பிள் பை என்றால் பட்டை இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் கேரமல் பையை மூக்கருகில் வைத்தாலும் பட்டை, தேங்காயை வைத்தாலும் பட்டை. காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்து சுவைகளையும் மெல்லிய காகித உறையில் போட்டு, நடுவில் ஒரு அட்டைத் தடுப்புகூட இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தீர்கள்.

என் மாமனார் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 31 வருஷம் வேலை பார்த்தவர். இப்போது வயது 84. பேக்கிங் அறையில் ஊதுபத்திகூடக் கொளுத்த விடமாட்டார்களாம். தேயிலை அக்கம்பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். சீனாவில் ஃபூஜோ ஊர்க்காரர்கள் இந்தக் குணத்தை நம்பித்தான் மல்லிகைத் தேநீரே செய்கிறார்கள். சாயங்காலம் மல்லிகை மொட்டைத் தேயிலையோடு கலந்து வைத்தால் ராத்திரி பூ விரிய விரிய இலை வாசத்தைக் குடித்துக்கொள்ளும். காலையில் பூவை நீக்கிவிட்டு, மறுபடி புதுப் பூ. நீங்கள் செய்திருப்பதும் அதே வித்தைதான், தெரியாமல் செய்திருக்கிறீர்கள், அவ்வளவே.

தெரியாமல் என்றா சொன்னேன்? அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆறாவது சுவையான ரசமலாயை மட்டும் தனியாக அலுமினியத் தாள் பையில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். குங்குமப்பூவும் பிஸ்தாவும் விலை கூடிய சரக்கு என்பதால் இருக்கலாம். அதில் துளிகூடப் பட்டை ஏறவில்லை. எப்படிக் கட்டினால் வாசம் நிற்கும் என்பது உங்கள் ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சாக்லேட் பையின் கதை வேறு. அதற்குள் நிஜமான சாக்லேட் துணுக்குகள் போட்டிருக்கிறீர்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஏப்ரல் கடைசியில் பதினோரு நாள் லாரியிலும் கிடங்கிலும் கிடந்தால் என்ன ஆகும்? உருகி, தூளோடு சேர்ந்து உறைந்து, முக்கோணப் பையின் ஒரு மூலையில் புளி உருண்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் போட்டதும் மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. ரசம் தாளித்தது போல இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சரி, குடித்தாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். உங்கள் பெட்டியின் பின்பக்கத்தில் ஆறு சுவைக்கும் சேர்த்து ஒரே செய்முறை: ‘80 டிகிரி வெந்நீர், 3 நிமிடம்.’ கேரமலும் சாக்லேட்டும் ஆப்பிள் பையும் பிளாக் டீ. அதற்குத் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் வேண்டும். தேங்காயும் ரசமலாயும் கிரீன் டீ. அதற்கு 80 சரி, கொதிநீர் ஊற்றினால் கசக்கும். வனிலா ரூயிபாஸ். கொதிநீரில் ஐந்து நிமிடமாவது கிடந்தால்தான் அது இறங்கவே இறங்கும். (ரூயிபாஸைத் தேநீர் என்று சொல்வதே தவறு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தேயிலை என்றால் கமேலியா சினென்சிஸ் செடி மட்டும்தான். இதை வைத்து உங்களோடு மல்லுக்கு நிற்கப்போவதில்லை.) உங்கள் முறைப்படி போட்ட வனிலா, கை கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது.

மாமனார் அதைப் பார்த்துவிட்டு, “நகரு அம்மணி, நான் போடறேன்” என்று எழுந்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது ஃபேக்டரி முறை. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், கொதிநீர், ஆறு நிமிடம், மூடி போட்ட பீங்கான் கோப்பை. இது ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச அளவுமுறையிலேயே இருக்கிறது. இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் முறை ஆறு பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்ததால், 1999இல் இலக்கியத்துக்கான இக்நோபல் என்ற கிண்டல் பரிசைக்கூட அதற்குக் கொடுத்தார்கள். கிண்டல் இருக்கட்டும். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம் என்றால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். குறை தப்பிக்க வழியே இருக்காது.

கிரீன் டீக்கு மட்டும் தண்ணீரை ஆறவைத்து, மற்றதெல்லாம் அவர் முறைப்படி போட்டோம். ஆறு எவர்சில்வர் டம்ளர், அடியில் பிளாஸ்திரி ஒட்டி எண். எந்த எண் எது என்பது டம்ளரில் ஊற்றி வைத்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மட்டும் தெரியும். குடித்தவர்கள் நான், வீட்டுக்காரர், மாமனார், அந்தப் பாட்டியின் கல்லூரிப் பேத்தி. நடுநடுவே வாய் கொப்பளித்து, கொஞ்சம் பொரி. மாமனார் கரண்டியில் எடுத்து உஸ்ஸென்று உறிஞ்சிய சத்தத்துக்குப் பேத்தி சிரித்த சிரிப்பில் முதல் சுற்றை மறுபடி நடத்த வேண்டியதாயிற்று.

ரசமலாயை நாலு பேரும் சரியாகச் சொன்னோம். ஏலக்காய் நிஜமான ஏலக்காய், ரோஜா இதழ் அடங்கி நிற்கிறது, குடித்து முடித்தபின் பிஸ்தா லேசாக எட்டிப் பார்க்கிறது. அருமை. மற்ற ஐந்துக்கும் சேர்த்து நாலு பேரும் சொன்ன 20 பதிலில் சரியானது ஐந்து. வீட்டுக்காரர் மூன்று டம்ளரை ஆப்பிள் பை என்றார். பேத்தி தேங்காயைக் குடித்துவிட்டு, “ஆன்ட்டி, இது நீச்சல் குளத்துல பூசுற சன்ஸ்கிரீன் வாசம்” என்றாள். போதாக்குறைக்கு எங்களுக்கெல்லாம் மக்ரூன் என்றால் தூத்துக்குடி முந்திரி மக்ரூன். தேங்காய்க்கு மக்ரூன் பெயர் வைத்தது யார் என்று பாட்டி கேட்டார். அது உங்கள் குற்றமில்லை, விட்டுவிடுகிறேன்.

ஐந்தும் ஏன் ஒன்றாகவே இருந்தன? பட்டை ஒரு காரணம். இன்னொன்றை நாக்கு சொன்னது. விழுங்கிய பிறகு அடிநாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்கிற ஒரு தித்திப்பு. சின்ன வயதில் தொண்டை கட்டினால் பாட்டி வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வாளே, அந்த அதிமதுரம். உறையைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ரசமலாய் தவிர ஐந்திலும் இரண்டாவது பெயர் அதுதான். பொருள்களை எடை குறையும் வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அப்படியானால் சாக்லேட் தேநீரில் கொக்கோவைவிட அதிமதுரம் அதிகம், கேரமலில் கேரமலைவிட அதிகம். சர்க்கரையைப்போல 30 முதல் 50 மடங்கு இனிக்கிற சத்து அதில் இருக்கிறது. ஐந்து சுவைக்கு ஐந்து வழி தேடாமல் ஒரே வேரைப் போட்டு வேலையை முடித்துவிட்டீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அதிமதுரம் அதிகமாக உள்ளே போனால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை இழக்கும், ரத்த அழுத்தம் ஏறும். சர்க்கரை வேண்டாம் என்று இந்தப் பெட்டியை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் என் வீட்டுக்காரர் மாதிரி பிரஷர் மாத்திரையும் விழுங்குகிறவர்களாகத்தான் இருப்பார்கள். தினம் இரண்டு டம்ளர் குடிக்கலாமா என்று கேட்டதற்கு எங்கள் டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில், அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசினிக் அமிலம் ஒரு பானத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தொட்டுவிட்டால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகம் குடிக்க வேண்டாம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். உங்கள் பெட்டியின் முகப்பில் மக்ரூன் படம் இருக்கிறது, ஆப்பிள் படம் இருக்கிறது. அதிமதுரம் என்ற சொல் உறையின் மடிப்புக்குள், எறும்பு எழுத்தில்.

இனி ‘முழு இலை’ விஷயம். குடித்து முடித்ததும் மாமனார் கேரமல் பையைக் கத்தரித்து, வெந்த தேயிலையை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். ஃபேக்டரியில் டீ பார்க்கிறவர்கள் செய்கிற கடைசி வேலை அது. முழு இலை என்றால் சுருள் பிரிந்து இலையாகவே தெரிய வேண்டும். தட்டில் இருந்தது கறுப்பாக, கடுகைவிடச் சின்னக் குருணை. விரலில் தொட்டுப் பார்த்தார். “அம்மணி, இது சிடிசி தூளு. நம்ம கடையில விக்கறது” என்றார். சிடிசி என்றால் நசுக்கி, கிழித்து, சுருட்டிய தேயிலை. எங்கள் நீலகிரியில் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள், பால் டீக்கு அதை அடிக்க ஆளில்லை. அதைக் குறை சொன்னால் மாமனாரே என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார். ஆனால் சட்டென்று சாயம் இறங்கித் துவர்க்கிற அந்தத் தூளின் மேல் நாலு சொட்டு எசன்ஸைத் தெளித்து, முழு இலை என்று பெயர் சூட்டி, ஒரு பையை 40 ரூபாய்க்கு விற்றால்? 30 பையும் சேர்ந்து 60 கிராம் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். கிலோ கணக்குப் போட்டால் 20,000 ரூபாய். மாமனாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “ரிட்டயர் ஆகாம இருந்திருக்கலாம்” என்றார்.

இவற்றில் எது ‘அவரவர் விருப்பம்’ என்று எனக்குப் புரியவில்லை. தூள் இலையாகத் தெரிவதற்கு என்ன விருப்பம் வேண்டும்?

நான் கேட்பது இவைதான். அடுத்த சரக்கிலாவது அதிமதுரத்தை முகப்பிலேயே தெரிகிற எழுத்தில் போடுங்கள், ஒரு டம்ளரில் அது எவ்வளவு இறங்குகிறது என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘முழு இலை’ என்ற சொல்லை எடுங்கள், அல்லது முழு இலையைப் போடுங்கள். ஆறையும் ரசமலாய் மாதிரியே அலுமினியத் தாள் பையில் கட்டுங்கள். செய்முறையை ஒவ்வொரு உறையிலும் தனித்தனியாக அச்சிடுங்கள், அதற்குப் பெரிய செலவு ஆகாது. பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். தட்டில் கவிழ்த்த தூளின் படமும், பூதக்கண்ணாடி வழியாக எடுத்த உறையின் படமும் கைவசம் உள்ளன.

பணத்தையும் திருப்பித் தர வேண்டும். மீதமிருக்கும் பைகளை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன், எப்போது ஆள் அனுப்பினாலும் தருகிறேன். ரசமலாய் ஐந்தையும் மட்டும் கேட்காதீர்கள், அவை அந்த வாரமே தீர்ந்துவிட்டன. கடைசிப் பைக்கு மாமனாரும் வீட்டுக்காரரும் போட்டி போட்டார்கள். ஆகவே ஐந்து பைக்கு 200 ரூபாயைக் கழித்துக்கொண்டு 1,000 ரூபாய் அனுப்பினால் போதும். ரசமலாயைத் தனியாக விற்கிறீர்களா என்பதையும் பதிலில் ஒரு வரி எழுதுங்கள். கூப்பன் இன்னும் காலாவதியாகவில்லை.

இப்படிக்கு,
கோயம்புத்தூர் வாடிக்கையாளர்