பொட்டலத்து மேல பேரை எழுதுங்க, கமிட்டி அண்ணன்மாரே

நம்ம தோட்டக்காரர் சங்கத்துக் கமிட்டி அண்ணன்மாருக்கு வணக்கம்.

பதியத்துல வேர் வரவைக்க சங்கத்துல பேர் எழுதாத பொட்டலத்துல பிரிச்சுக் குடுக்குற வேர் மருந்துப் பொடி விஷயம் உங்களுக்குத் தெரியும், ரெண்டு கூட்டத்துல பேசியாச்சு. அதனால கதைய முதல்ல இருந்து ஆரம்பிக்கல.

தண்ணித் திருவிழா போய் மழை பிடிச்சதும் நானும் தம்பி மகனும் பம்ப்ளிமாஸ் மரத்துல அறுபது பதியம் போட்டோம், அதான் கொப்பு மரத்துல இருக்கும்போதே வேர் விட வைக்கிறது. பட்டைய ஒரு இஞ்சுக்கு வளையமா உரிச்சு, அந்த வழவழப்பு போறவரைக்கும் கத்தி முதுகால சுரண்டி, சங்கத்துல வாங்கின பொடிய மேல்வெட்டுல தடவி, ஊறவெச்ச தேங்காநார வெச்சு பிளாஸ்டிக்கால இறுக்கிக் கட்டினோம். ரெண்டு மாசம் கழிச்சு அவுத்துப் பாத்தா வெட்டு வாயில கடலைப் பருப்பாட்டம் வெள்ளை முண்டு, பெரும்பாலானதுல வேர் ஒண்ணு கூட இல்ல, அறுபதுல நாலுதான் தேறுச்சு. பொடி தீந்துபோய் சும்மா கட்டிவிட்ட வேற பத்துல ஆறு வேர் விட்டிருக்கு, இத எங்க போய் சொல்ல?

அப்புறம்தான் பையன் சங்கத்துக் கொல்லையில கிடந்த காலி டப்பாவ பாத்தான், ஜிஏ3-ன்னு போட்டிருக்கு. அண்ணே, அது ஜிப்ரலிக் ஆசிட். தண்டு நீள, திராட்சை பெருக்கப் போடுறது, வேர் வர்றத அது தடுக்கும். நமக்கு வேண்டியது ஐபிஏ, வேர் வரவைக்கிற இண்டோல் பியூட்ரிக் ஆசிட். ரெண்டும் ஹார்மோன்தான்னு செயலாளர் சொல்றாரு, உப்பும் சீனியும் வெள்ளைதான், அவர் வீட்டு டீயில எதப் போடுறாங்களாம்?

சரி, பொட்டலத்து மேல பேரை எழுதுங்க. எத்தனை பெர்சன்ட், எந்த மாசம் பிரிச்சதுன்னும் எழுதுங்க. இளங்குச்சிக்கு ஒரு அளவு, முத்தின கொப்புக்கு ஒரு அளவு, கூடிப்போனா பட்டை கறுத்துடும். தூய ஐபிஏ வெறும் தண்ணியில கரையாது, ஸ்பிரிட்டுல கரைச்சுத்தான் தண்ணி சேக்கணும், லிட்டருக்கு ஒரு கிராம்னா 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு. இதெல்லாம் யாரு சொல்லுவா? வெயிலும் சூடும் ஆகாத மருந்த நீங்க கண்ணாடி ஜாடியில ஜன்னல் ஓரமா வெச்சிருக்கீங்க, கரண்டு இல்லாத ஊர்ல ஃப்ரிட்ஜ் கேக்கல, ஒரு இருட்டு அலமாரி போதும். திருவிழா பேனர்ல கமிட்டி பேரு பதினாலும் முழங்கை நீளத்துக்கு இருக்கு, மருந்துப் பேருக்கு மட்டும் இடமில்லையா?

கோவத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். மழை முடியறதுக்குள்ள இன்னொரு தரம் பதியம் போடலாம்னு இருக்கேன், அடுத்த பொட்டலத்துலயாவது தயவுசெஞ்சு பேரை எழுதிக் கொடுங்க. மார்க்கர் பேனா நானே வாங்கியாரேன்.