கதிர் விஷயமாக

அன்புள்ள முருகேசா,

கடிதம் வந்தது. மூத்தவளுக்கு வரன் அமைந்ததில் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

கதிர் விஷயம்தான் மனசைப் பிசைகிறது. ஒரு மாதமாகக் குளிக்காமல், யாரிடமும் பேசாமல் கட்டிலே கதியென்று கிடக்கிறான், மனநல டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன் என்கிறாய். நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனச்சோர்வு என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். ஆனால் அதே கடிதத்தில், பொங்கல் சமயத்தில் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தான் என்று ஏங்கியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குத் திக்கென்றது. ராத்திரி இரண்டு மணி நேரத் தூக்கம், ஓயாத பேச்சு, கடன் வாங்கிக் கேமரா. இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்.

என் தம்பிக்கு வந்தது பைபோலார், மனசு ஒரு சமயம் அளவு மீறி ஏறும், ஒரு சமயம் சோர்ந்து விழும் நோய். அவனுக்கு முதல் வகை. அதில் மேனியா என்கிற அந்த ஏற்றம் குறைந்தது ஒரு வாரம் நிற்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கும் போகலாம். இரண்டாம் வகையில் ஏற்றம் லேசாக இருக்கும், நான்கு நாள் நீடித்தாலே கணக்கு. வேலை பெரிதாகக் கெடாது. பையனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றே வீட்டில் நினைப்பார்கள். அதனால் டாக்டரிடம் போகும்போது சோர்வை மட்டும் சொல்வார்கள். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். வருஷக்கணக்கில் லேசாக வாடியே இருக்கும் டிஸ்தைமியா என்று ஒன்றும் உண்டு. நம் வீடுகளில் 'அவ சுபாவமே அப்படித்தான்' என்று முடித்துவிடுவோம். கதிருக்கு அது பொருந்தாது.

இந்த ஏற்ற இறக்கத்தை அடக்கத் தம்பி லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1949-ல் இதன் பயனை எழுதினார். இன்றும் அதற்கு மவுசு குறையவில்லை. ரத்தத்தில் அளவு கூடினால் விஷம் என்பதால் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முந்தின ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுப்பார்கள். அன்றைக்குக் காலை மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடியே எதிர்க்கடை டீயோடு விழுங்குவான்.

கதிருக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை, அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. நீயும் தங்கச்சியும் உட்கார்ந்து, எந்த மாதம் எவ்வளவு தூங்கினான், எதற்கெல்லாம் செலவழித்தான் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நடுவில் 'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி பேசினால் நாள் பார்த்துக்கொண்டிருக்காதே. தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஒரு போன் போடு.

அன்புடன்,
சேகர்