வண்டு சத்தம் என்றாயே, பாப்பா

அன்புள்ள பாப்பா,

இங்கே நானும் அம்மாவும் நலம். போன ஞாயிறு பேசியபோது, பெர்லின் கிளப்பில் டி.ஜே.யாகப் பாட்டுப் போட்டு, செட் முடித்து வந்ததிலிருந்து இடது காதில் வண்டு கத்துவது போல இருக்கிறது, இரண்டு நாளில் போய்விடும், எப்போதும் போய்விடுவதுதான் என்று சொன்னாயாம். நீ அதைச் சொன்னபோது நான் "சரிம்மா, சரிம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு அம்மா சொல்லித்தான் நீ பேசியது என்னவென்றே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிக்குமேல் பிடிபடுவதில்லை. இரண்டு வருஷமாகவே இப்படித்தான். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டது என் தப்பு.

தை மாதம் மதுரைக்குப் போய்க் காது பரிசோதனை செய்துகொண்டேன். சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். 'பீப்' கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. முடிந்துவிட்டது போல என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் குனிந்து குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஹெர்ட்ஸ் எண் கூடக் கூடச் சத்தம் கீச்சென்று மேலே போகும். 250, 500, 1000 ஹெர்ட்ஸ் வரை சமமாகப் போகிறது. 4000-க்கு வரும்போது கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கி, 8000-இல் கொஞ்சம் மேலே ஏறுகிறது. வயதினால் வரும் மந்தம் என்றால் கோடு கடைசிவரை சரிந்துகொண்டே போகுமாம். இப்படி 4000 பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் சத்தத்தால் வந்தது என்றார் டாக்டர். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். மைக் செட் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

காது போனால் எல்லாச் சத்தமும் குறைந்து கேட்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு அ, ஆ, ஓ எல்லாம் நன்றாகவே கேட்கிறது. அவை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. க், ச், த் இவற்றைப் பிரித்துக் காட்டுகிற மெல்லிய சத்தம் மேலே, என் கிணறு இருக்கிற பக்கம் இருக்கிறது. பத்து, கத்து, சத்து மூன்றும் எனக்கு ஒரே சொல். உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. பேசுவது நீதான் என்று தெரிகிறது. சந்தோஷமாக இருக்கிறாயா, அலுத்துப்போய் இருக்கிறாயா என்பதுகூடக் குரலில் தெரிந்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்பது மட்டும் தெரிவதில்லை.

அந்த வண்டு எனக்கும் உண்டு பாப்பா. ஆரம்பத்தில் என்னுடையதும் இரண்டு நாளில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு சித்திரைத் திருவிழாவில், வைகை மணலில் மூன்று ராத்திரி தொடர்ந்து செட் போட்டோம். அதற்குப் பிறகு அது போகவே இல்லை. பதினான்கு வருஷமாகிறது. வீடு அடங்கி, விளக்கணைத்துப் படுத்த பிறகு அது மட்டும் விழித்திருக்கும்.

நீ செய்கிற வேலையைக் குறை சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. போன வருஷம் பெர்லினில் உன்னோடு அந்த மேடைக்குள் நின்றது எனக்குப் பெரிய விஷயம். வாசலில் என் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள், அதனால் காட்ட ஒரு படம்கூட இல்லை. ஆனால் எல்லாம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 1978-இல் மாமாவின் ரேடியோ செட்டில் சேர்ந்தபோது எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை இசைத்தட்டில் கீறாமல் ஊசி வைப்பது. ஒரு தட்டு முடிந்து அடுத்தது போடுவதற்குள் பந்தலில் சின்ன மௌனம் விழும். அந்த மௌனம் விழாமல் இருக்க வழி இருக்கிறது என்றே நாங்கள் யோசித்ததில்லை. நீயோ இரண்டு தட்டையும் ஓடவிட்டு, ஒரு விரலால் ஓரத்தை லேசாகத் தடவி, இரண்டு தாளத்தையும் ஒன்றாக உட்கார வைத்தாய். எந்த இடத்தில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. 2024 மார்ச்சில் அங்குள்ள யுனெஸ்கோ ஆணையம் பெர்லினின் டெக்னோ நடன இசையை நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தியை நீ அனுப்பினாயே, அதைத் தெருவில் பத்துப் பேருக்காவது காட்டியிருப்பேன்.

ஆனால் அன்று ராத்திரி நான் உன் கையை மட்டும் பார்க்கவில்லை. தொடங்கும்போது இரண்டு காதிலும் அடைப்பான் வைத்திருந்தாய். கால் மணி நேரத்தில் இடது பக்கத்து அடைப்பானை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். அந்தக் காதில்தான் ஹெட்போனை அழுத்திக்கொண்டு அடுத்த பாட்டைக் கேட்கிறாய். நீ கேட்பதற்கென்று பக்கத்தில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரின் குமிழ் ஒரு மணிக்குக் கடிகாரத்தின் பன்னிரண்டில் நின்றது. மூன்று மணிக்கு அதே குமிழ் மூன்றில் நின்றது. யாரும் கூட்டச் சொல்லவில்லை. உன் கை தானாகப் போய்த் திருப்பியது.

ஏன் திருப்பினாய் என்று எனக்குத் தெரியும். சத்தத்தில் நிற்க நிற்கக் காது மங்கும். ஒரு மணிக்குப் பளிச்சென்று கேட்ட ஹை-ஹாட் தாளத்தட்டு மூன்று மணிக்குப் பஞ்சு போர்த்திய மாதிரி கேட்கும். அதை நாம் ஸ்பீக்கரின் குறை என்று நினைத்துக் கூட்டுகிறோம். எங்கள் செட்டில் பையன்கள் இப்படித்தான் ராத்திரி முழுக்கக் கூட்டிக்கொண்டே போவார்கள். குழாய் ஸ்பீக்கருக்குள் சத்தத்தை உண்டாக்கும் யூனிட்டின் கம்பிச்சுருள் எரிந்துவிடும் என்று பயந்து, அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஆம்ப்ளிஃபயர் குமிழ் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். இந்தப் பொட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. யூனிட்டைக் காப்பாற்ற அவ்வளவு யோசித்தவன், அதே சத்தத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் வெறும் காதோடு உட்கார்ந்திருந்தேன். யூனிட் எரிந்தால் மதுரையில் அதன் அதிரும் தகடான டயாபிரம் வாங்கி அன்றே மாற்றிவிடுவோம். காதுக்குள் சத்தத்தை வாங்குகிற மயிரிழைச் செல்கள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் போலத்தான் இருக்கின்றன. கோழிக்கு அவை செத்தால் மறுபடி முளைக்குமாம். மனிதருக்கு முளைப்பதில்லை.

இன்னொன்று. "போய்விடுவதுதான்" என்று நீ சொன்ன வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளுக்கு இரண்டு மணி நேரம் பலத்த சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். காது மங்கியது, அப்புறம் முழுதாகத் தேறியது. பரிசோதனையில் எல்லாம் சரி. ஆனால் உள்ளே திறந்து பார்த்தால், செல்லிலிருந்து நரம்புக்குப் போகும் இணைப்புகளில் ஒரு பெரும் பங்கு அறுந்தது அறுந்தபடியே இருந்திருக்கிறது. உனக்கும் அப்படியே ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை வண்டு நின்றுவிட்டது என்பதை வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டாதே என்கிறேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் தொழிலாளர் நலனை ஆராய்கிற நியோஷ் நிறுவனம், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 85-இல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்கிறது. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிஷம். உங்கள் நாட்டில் டி.ஐ.என். 15905-5 என்ற தரநிலை, ஜனங்கள் ஆடுகிற இடத்தில் அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நீயே சொன்னாய். 99 என்றால் நியோஷ் கணக்கில் இருபது நிமிஷம்கூட இல்லை. நீ நான்கு மணி நேரம் நிற்கிறாய். பன்னிரண்டு நாள் கோட்டாவை ஒரே ராத்திரியில் தீர்த்துவிடுகிறாய், மானிட்டரையும் ஹெட்போனையும் சேர்க்காமலே.

மானிட்டர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எதற்கு அது என்று எனக்குத் தெரியும். திருவிழாவுக்குத் தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுவோம். தெருக்கோடியில் நின்றால் ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கும். சத்தம் வினாடிக்கு 340 மீட்டர்தான் போகிறது. உன் பெரிய ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் அதன் அடி உன்னிடம் 30 மில்லிசெகண்ட் பிந்தி வருகிறது. ஹெட்போனில் கேட்பதும் வெளியே கேட்பதும் பொருந்தாது. பக்கத்தில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதைப் பக்கத்தில் வை, அதுதான் நான் சொல்வது. அன்று அது உன் இடுப்பு உயரத்தில், கால் பக்கம் பார்த்து இருந்தது. காது உயரத்துக்கு ஏற்றி, உன் தலையைப் பார்த்துத் திருப்பி, எட்டினால் தொடுகிற தூரத்தில் வைக்கச் சொல். தூரம் பாதியானால் 6 டெசிபல் சும்மா கிடைக்கும், குமிழைத் திருப்பவே வேண்டாம். இரண்டு பாட்டையும் சேர்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு ஏற்று, சேர்ந்ததும் இறக்கு. இரண்டு பாட்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கலந்து கேட்க, பாட்டுகளைச் சேர்க்கிற உன் மிக்சர் கருவியில் ஒரு குமிழ் இருக்கிறதே, அதை இன்னும் பழகிக்கொண்டால் மானிட்டர் தேவையே குறைந்துபோகும். அப்புறம், தொடங்கும்போது உன் காது புதிதாக இருக்கிறது. அப்போது மானிட்டர் குமிழை எங்கே வைத்தாயோ அங்கே ஒரு பொட்டு வை. மூன்று மணிக்கு உன் காதை நம்பாதே, பொட்டை நம்பு.

அடைப்பானை ஏன் கழற்றுகிறாய் என்றும் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? மேல்சத்தம் எல்லாம் செத்துப்போகிறது, தாளம் பிடிபடவில்லை என்றாய். அது அந்த மஞ்சள் பஞ்சின் குறை. பஞ்சு, அடிச்சத்தமான பேஸைவிட மேல்சத்தமான ட்ரபிளை அதிகம் தின்னும். வாத்தியக்காரர்களுக்கென்றே ஃபில்டர் வைத்த அடைப்பான் 1988-இலேயே வந்துவிட்டது. எட்டிமோடிக் கம்பெனியின் ஈ.ஆர்-15 என்று பெயர். எல்லா ஸ்தாயியிலும் ஏறக்குறைய ஒரே அளவாக 15 டெசிபல் குறைக்கும். பாட்டு அப்படியே இருக்கும், நாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்கிற மாதிரி. 99-இல் 15 போனால் 84. காதுக்குள் மாவு மாதிரி ஒன்றை விட்டு அச்சு எடுத்து, உன் காதுக்கென்றே செய்து தருவார்கள். சரியாகப் பொருந்தினால்தான் அந்த 15 கிடைக்கும், அதனால் அச்சு எடுத்தே செய். போட்டுப் பழக நாலைந்து வாரம் ஆகும் என்கிறார்கள், வீட்டில் பயிற்சி செய்யும்போதே போட்டுக்கொள். அதன் மேலேயே ஹெட்போனை வை. வெளிச்சத்தம் குறைந்துவிடுவதால் ஹெட்போனை ரொம்ப ஏற்ற வேண்டியிராது. இடது பக்கத்தையும் கழற்றாதே. பணம் நான் அனுப்புகிறேன். பழைய ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் விற்ற காசு இருக்கிறது, அதற்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

செட்டுக்கு முன்னும் பின்னும் நண்பர்களோடு ஸ்பீக்கர் முன்னால் நிற்கிறாயே, அந்த நேரமும் கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கிளப்புகளுக்குச் சொன்ன நெறிகளில், காது ஓய்வெடுக்க அமைதியான ஓர் இடம் வேண்டும் என்பதும் ஒன்று. உங்கள் கிளப்பில் படிக்கட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு மூலை இருந்தது. நான் அங்கே அரை மணி உட்கார்ந்திருந்தேன். நல்ல இடம்.

இந்த வாரமே காது டாக்டரிடம் போ. வண்டு நின்றிருந்தாலும் போ. என் ரிப்போர்ட்டில் இருந்தது போன்ற கோட்டுப் படம், ஆடியோகிராம், ஒன்று எடுத்து வைத்துக்கொள், வருஷா வருஷம் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்கு அப்படி ஒரு பழைய தாள் இல்லை. இருந்திருந்தால் பள்ளம் விழத் தொடங்கிய வருஷமே தெரிந்திருக்கும். எப்போதாவது ஒரு காது சட்டென்று அடைத்துக் கேட்காமல் போனால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே, அன்றைக்கே போ. அதற்கு மருந்து உண்டு, நாள் தள்ளத் தள்ளப் பலிப்பது குறையும்.

எனக்குக் கருவி போடச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மதுரைக்குப் போகிறேன், அம்மாவும் வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு. ஆனால் வீடியோவில் கூப்பிடு. ஜன்னலைப் பார்த்து உட்கார், வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும். பேசும்போது காபிக் கோப்பையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ளாதே. உதடு தெரிந்தால் எனக்கு முக்கால்வாசி பிடிபட்டுவிடும்.

அன்புடன்,
அப்பா
மானாமதுரை