நான் நிற்கிற இடத்திலிருந்து இரண்டாவது தெரு

மாப்ளே,

ஆறு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சொட்டை இந்த வருஷமும் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டான். அவ்வளவுதான் ஊர்ச் செய்தி. எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல.

போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு எங்கள் லினக்ஸ் புரோகிராமை டாராக, அதாவது ஒரே மூட்டைக் கோப்பாகக் கட்டி அனுப்பினேன். புரோகிராமுக்கு 'பின்' என்று ஒரு ஃபோல்டர், 'லிப்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பதினாலு எஸ்ஓ கோப்புகள், புரோகிராம் ஓடும்போது கூப்பிட்டுக்கொள்ளும் லைப்ரரிகள். என் மெஷினில் பிரமாதமாக ஓடியது. அங்கே பிரித்ததும், ஷேர்டு ஆப்ஜெக்டைத் திறக்க முடியவில்லை என்று ஒற்றை வரி சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. கம்பைல் ஆன பைனரிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும் ரீட்எல்ஃப் போட்டுப் பார்த்தால், லைப்ரரி தேட வேண்டிய இடம் என்று என் ஹோம் டைரக்டரி, பில்டு ஃபோல்டர் வரை முழுசாக எழுதியிருக்கிறது! நான் ஆசையாகக் கட்டி அனுப்பிய லிப் ஃபோல்டரை அது என் மெஷினில்கூட ஒருநாளும் தொட்டதில்லை.

அவசரத்தில் நான் செய்ததுதான் பாவம். அங்கே இருந்த பையனிடம், "எல்டி லைப்ரரி பாத்தில் நம்ம லிப்பைச் சேர்த்து பேஷ்ஆர்சியில் போட்டுடுப்பா" என்றேன். ஓடிவிட்டது. நானும் தூங்கிவிட்டேன். லைப்ரரியை எங்கே தேடுவது என்று சொல்லும் அந்த வேரியபிள் நம் புரோகிராமுக்கு மட்டுமா? ஷெல் திறக்கும்போதெல்லாம் பேஷ்ஆர்சியைப் படிப்பதால், அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் எல்லாவற்றுக்கும்தானே. ராத்திரி அவன் வேறு சர்வருக்குப் போக எஸ்எஸ்எச் தட்டினால், அது நான் அனுப்பிய பழைய லிப்கிரிப்டோவை, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் குறியாக்க லைப்ரரியை, எடுத்துக்கொண்டு, ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. விடியும்வரை போராடியிருக்கிறான். திட்டு வாங்கியது அவன். எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை, மரியாதை. மூன்று நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை மாப்ளே.

அப்புறம் ஒழுங்காக உட்கார்ந்தேன். நீ போனில் வழி சொல்வாயே, "நான் நிற்கிற இடத்திலிருந்து இரண்டாவது தெரு" என்று? மெஸ் அண்ணாச்சி உன்னைத் தேடிக்கொண்டு ஸ்டேஷன்வரை போனாரே? லினக்ஸில் அதற்கு டாலர் ஆரிஜின் என்று பெயர். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதுதான் ஆரிஜின். அங்கிருந்து ஒரு படி மேலே ஏறி லிப்புக்குள் போ என்று ஆர்பாத்தில், அதாவது லைப்ரரி தேடும் இடத்தைச் சொல்லும் அந்த பைனரி வரியில் எழுதினால், டாரை எங்கே பிரித்தாலும் வழி மாறாது. நீ அன்றைக்குச் சொன்னது சரிதான், அண்ணாச்சியிடம் ஆர்பாத் இல்லை.

எழுதுவதற்குள் தாவு தீர்ந்தது. பில்டு செய்யும் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் போட்டேன். அதைப் படிக்கிற மேக், டாலரையும் அடுத்த ஓ எழுத்தையும் சேர்த்து ஒரு வேரியபிள் என்று நினைத்து முழுங்கிவிட்டது. பைனரியில் பார்த்தால் 'ரிஜின்' என்று தலையில்லாமல் நிற்கிறது! இரண்டு டாலர் போட்டேன். மேக் விட்டது, ஷெல் பிடித்துக்கொண்டது. மிச்சம் வெறும் /../லிப். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்த பிறகுதான் உயிரோடு போய்ச் சேர்ந்தது.

அதோடு முடியவில்லை. பைனரியைக் கோத்துக் கட்டும் லிங்கர், இப்போதைய உபுண்டுவில், பழைய ஆர்பாத்துக்குப் பதிலாக ரன்பாத் என்று எழுதுகிறது. அது அந்தக் கோப்பு நேரடியாகக் கேட்கிற லைப்ரரிக்கு மட்டும்தான் செல்லும். அந்த லைப்ரரிக்கு வேண்டிய இன்னொரு லைப்ரரியை அது தேடித் தராது, பேரன் விஷயத்தில் தாத்தா தலையிடுவதில்லை. ஆகவே பதினாலு எஸ்ஓவுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பில்டு ஆன கோப்பிலேயே இந்தப் பாதையை மாற்றும் கருவி, நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ்காரர்களின் பேட்ச்எல்ஃப் இருக்கிறதே, அதை ஒரு லூப்பில் ஓட்டினேன். கோண்டா என்ற பேக்கேஜ் மேனேஜர் செய்யும் வேலை இன்னும் வேடிக்கை. பில்டு செய்யும்போதே 255 எழுத்துக்கு ஒரு போலிப் பாதையை வைத்துவிட்டு, இன்ஸ்டால் ஆகும்போது பைனரிக்குள்ளேயே அதை அழித்து நிஜப் பாதையை எழுதி, மீதியைப் பூஜ்யத்தால் நிரப்புகிறது. முரட்டு வைத்தியம், ஆனால் வேலை செய்கிறது.

லைப்ரரி கிடைத்துவிட்டால் போதுமா? ஐகானும் மொழிக் கோப்பும் இருக்கும் இடத்தை கம்பைல் செய்யும்போதே மேக்ரோவாகச் சோர்ஸில் அடித்து வைத்திருந்தேன், பாவி. இப்போது புரோகிராம் எழுந்ததும் தன் கோப்பு எங்கே இருக்கிறது என்று அறிய /ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ எதைக் காட்டுகிறது என்று பார்த்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொள்கிறது.

மசியாதது இரண்டு. புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடிச் சேர்க்கும் டைனமிக் லிங்கரின் பாதையைக் கெர்னலே படிப்பதால், அங்கே ஆரிஜின் ஜம்பம் பலிக்காது. அடுத்தது ஜிலிப்சி, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. நான் பில்டு செய்தது உபுண்டு 22.04, அதில் 2.35. அவர்களிடம் 20.04, அதில் 2.31. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல் மெயினைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனுக்கே புதுப் பதிப்பு போட்டுவிட்டார்கள். அதனால் அதற்குப் பிறகு பில்டு செய்தது பழையதில் மூச்சே விடாது. முதல் தடவை லைப்ரரியிலேயே தடுக்கி விழுந்ததால் இந்தக் குழி வெளியே தெரியவில்லை என்று நினைக்காதே. தெரிந்தது. அதற்குத்தான் அவர்கள் மெஷினிலேயே அவசரமாக மறுபடி பில்டு செய்தேன், அந்த அசிங்கத்தைத் தனியாக எழுதுகிறேன். இப்போது ஒரு 20.04 கன்டெய்னரில் வைத்துத்தான் பில்டு.

அந்தப் பையனுக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைண்ணே, எஸ்எஸ்எச்சைப் பத்தி நிறையக் கத்துக்கிட்டேன்" என்றான். அது இன்னும் குத்தியது.

புது டாரை உனக்கும் அனுப்பியிருக்கிறேன். உன் மெஷினில் எங்கேயாவது கண்ட இடத்தில் பிரித்து ஓட்டிப் பார். அதற்கு முன்னால் உன் பேஷ்ஆர்சியைத் திற. இரண்டு வருஷத்துக்கு முன் நான் போடச் சொன்ன அதே வரி அங்கேயும் இருக்கும். எடுத்துவிடு.

உன்,
மாப்ளே