டேவிட்சனின் 30-ஆம் எண்ணுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

டேவிட்சன் கல்லூரியின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் அவர்களுக்கும், 2006 முதல் 2009 வரை அவரிடம் ஆடிய அணியினருக்கும், ஸ்டெஃபன் கரியின் பெற்றோர் டெல் கரி, சோனியா கரி இருவருக்கும், அந்தக் கல்லூரியின் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

ஸ்டெஃபன் கரி 30-ஆம் எண் அணிந்து உங்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்காக மூன்று பருவங்களில் 104 ஆட்டங்கள் ஆடினார். 2,635 புள்ளிகள், 414 மூன்று புள்ளி ஷாட்கள். எல்லாம் ஸ்கோர் ஷீட்டில் அவர் பெயருக்கு நேரே பதிவாகியிருக்கின்றன. ஆனால் அந்த ஷாட்டுக்காக ஸ்கிரீன் வைத்தவருக்கு, அதாவது அவரைத் தடுக்க வரும் காவலாளின் வழியை மறித்து நின்றவருக்கு, ஸ்கோர் ஷீட்டில் இடம் இல்லை. எதிரணியின் நல்ல கார்டை, அதாவது வெளியிலிருந்து பந்தை நடத்தும் ஆட்டக்காரரை, மறிக்கும் வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவருக்கும் இல்லை. பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தரும் எங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் பயன்படுவது அந்தப் பதிவாகாத வேலைதான். அதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி டெல் கரி அவர்களுக்கு. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வில் 16 பருவங்கள் ஆடிய ஷூட்டர் நீங்கள். உங்கள் மகன் பள்ளியில் பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து மேலே தள்ளி எறிந்துகொண்டிருந்தார். பந்து உள்ளேயும் விழுந்தது. விழுகிற ஷாட்டை மாற்றச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் இடுப்பிலிருந்து கிளம்பும் பந்து கல்லூரியில் உயரமான காவலாளின் கையைத் தாண்டாது. ஒரு கோடை முழுக்கச் செலவிட்டு, பந்து நெற்றிக்கு மேலே இருந்து கிளம்பும்படி மாற்றினீர்கள். ரிங்கை ஒட்டி வண்ணம் பூசிய ‘பெயிண்டு’ பகுதிக்கு வெளியே நின்று எறியவே முடியாத நாட்கள் அப்போது அவருக்கு இருந்தன. இந்த மாற்றத்தைச் செய்யும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் தூரம் குறையும், பந்து ரிங்குக்கு முன்னாலேயே விழும். பிள்ளை பயந்துபோய் முழங்கையை வெளியே விரிப்பான், இல்லாவிட்டால் பந்தைப் பழையபடி கீழே இறக்கி வேகம் எடுப்பான். அங்கேதான் பயிற்சியாளர்கள் பலரும் விட்டுக்கொடுத்துவிடுகிறோம். ரிங்கிலிருந்து நாலடியில் தொடங்கி, வடிவம் கெடாமல் இருந்தால் மட்டும் ஓரடி பின்னே போவது என்பதுதான் வழி. மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் அவசரப்படவில்லை.

மெக்கிலப் அவர்களே, கரிக்கு அவருடைய பெற்றோர் இருவரும் படித்த வர்ஜீனியா டெக்கே உதவித்தொகை தராமல் ‘வாக்-ஆன்’ ஆக வரலாம் என்றுதான் சொன்னது. ஒல்லியான உடம்பு, ஆறடியை ஒட்டிய உயரம். அப்போது ஏறக்குறைய 1,700 மாணவர்கள் மட்டுமே படித்த கல்லூரியிலிருந்து நீங்கள் நம்பி வந்தீர்கள். ஈஸ்டர்ன் மிச்சிகனுக்கு எதிரான முதல் கல்லூரி ஆட்டத்திலேயே அவர் 13 டர்ன்ஓவர் செய்தார், அதாவது பந்தை 13 முறை எதிரணியிடம் தொலைத்தார். அதற்குப் பிறகும் அவரை உட்கார வைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளிகள். பந்தைத் தொலைத்த உடனே வெளியே கூப்பிடப்படும் பிள்ளை, அடுத்த முறை பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். தவறு குறையும், ஆட்டக்காரனும் சேர்ந்து குறைவான். அந்த முதல் பருவத்தில் அவர் எடுத்த 122 மூன்று புள்ளி ஷாட்கள், முதலாண்டு மாணவர் எவரும் அதுவரை எட்டாத எண்ணிக்கை.

இனி ஸ்கிரீன் வைத்தவர்கள். ஆண்ட்ரூ லவ்டேல், தாமஸ் சாண்டர், போரிஸ் மெனோ, ஸ்டீஃபன் ராசிட்டர், உங்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். ஸ்கிரீன் வைப்பவர் தோள் அகலத்துக்குக் காலை விரித்து, கைகளை மார்போடு ஒட்டி, அசையாமல் நிற்க வேண்டும். மோதும் நேரத்தில் இடுப்பு அரையடி நகர்ந்தாலும் ஃபவுல், பந்து எதிரணிக்கு. ஓடி வருபவர் தன் தோள் ஸ்கிரீன் வைப்பவரின் இடுப்பை உரசும்படி போக வேண்டும். நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தால் ஸ்கிரீன் வீண். பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, ஸ்கிரீன் நிலைகொள்வதற்குள் ஓடிவிடுவது. டேவிட்சன் ஆட்டப் பதிவுகளில் கரி ஒரு நொடி காத்து நிற்பதைப் பார்க்கலாம். காவலாள் பின்னாலேயே துரத்தினால் ரிங் பக்கம் வளைவார். காவலாள் ஸ்கிரீனுக்கு அடியில் குறுக்கே வெட்டினால், மூலைப் பக்கம் விலகிவிடுவார். முதல் ஸ்கிரீனில் தப்பிய காவலாள், இரண்டாவதில் களைத்து, மூன்றாவதில் மாட்டுவார். அத்தனை முறை மோதலைத் தாங்கியவை உங்கள் தோள்கள்.

ஜேசன் ரிச்சர்ட்ஸ், 2007-08 பருவத்தில் ஆட்டத்துக்கு 8.1 அசிஸ்ட் (புள்ளியாக மாறும் பாஸ்) கொடுத்து அமெரிக்காவிலேயே முதலிடத்தில் இருந்தவர் நீங்கள். ஷூட்டருக்கு வரும் பாஸ் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே, எறியும் கைப் பக்கம் வர வேண்டும். முழங்கால் அளவில் வந்தால் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் காவலாள் வந்து சேர்ந்துவிடுவார். உங்கள் பாஸ் அவர் கால் ஊன்றும்போதே கையில் இருந்தது. அந்தப் பருவத்தில் அவர் எடுத்த 162 மூன்று புள்ளி ஷாட்கள் அன்றைய தேசியச் சாதனை. அதில் உங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மேக்ஸ் பால்யூஸ் கோஸ்லான் அவர்களுக்குத் தனி நன்றி. எதிரணியின் ஆபத்தான கார்டை நீங்கள் எடுத்துக்கொண்டதால்தான் கரி ஃபவுல் சேர்க்காமல், மூச்சு மிச்சம் வைத்து இரண்டாம் பாதிக்கு வர முடிந்தது. அந்த இரண்டாம் பாதிகள் என்ன செய்தன என்பதைக் கூடைப்பந்து பார்ப்பவர்கள் மறக்க மாட்டார்கள். 2008 மார்ச்சில் தேசியக் கல்லூரிப் போட்டியில் கொன்சாகாவுக்கு எதிரான 40 புள்ளிகளில் 30 இடைவேளைக்குப் பிறகு வந்தவை. 74-74 என்று நின்றபோது தவறிய ஷாட்டை ரீபவுண்ட் எடுத்து வெளியே கரிக்குக் கொடுத்தவர் லவ்டேல். அடுத்து ஜார்ஜ்டவுன்: 17 புள்ளிகள் பின்தங்கியிருந்து 74-70 வெற்றி. அதன் பின் விஸ்கான்சின், 73-56. அதில் ரிச்சர்ட்ஸ் 13 அசிஸ்ட்.

அந்தப் பருவத்தின் தொடக்கம் 4 வெற்றி, 6 தோல்வி என்பதையும் சொல்ல வேண்டும். நார்த் கரோலினா, டியூக், யுசிஎல்ஏ என்று பெரிய அணிகளோடு தேடிப்போய் ஆடித் தோற்றீர்கள். எளிய அணிகளை வைத்து வெற்றிக் கணக்கை நிரப்பியிருக்கலாம். பிறகு தொடர்ந்து 25 வெற்றி பெற்றதற்கு அந்த ஆறு தோல்விகளும் காரணம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

டெட்ராய்ட் வரை மாணவர்கள் வந்து ஆட்டம் பார்க்கப் பேருந்து, நுழைவுச்சீட்டு, தங்கும் அறை எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்த கல்லூரி அறங்காவலர்களுக்கும் நன்றி. விஸ்கான்சினுக்கு அடுத்து அங்கே கான்சாஸிடம் 59-57 என்று தோற்றீர்கள். கரி 25 ஷாட்டில் 9 மட்டுமே போட்டார். கடைசி நொடிகளில் இருவர் அவரை மறித்தபோது பந்து ரிச்சர்ட்ஸிடம் போனது. ஷாட் தவறியது. இருவர் ஒருவரிடம் போனால் இன்னொருவர் தனியாக இருப்பார், அவருக்குத்தான் பந்து போக வேண்டும். அந்த முடிவு சரியானது. அதை இன்றும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அந்த ஆண்டுப் பட்டத்தை வென்றது கான்சாஸ்தான்.

ரிச்சர்ட்ஸ் படிப்பு முடித்துப் போனதும் 2008-09இல் கரி, ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு ஆனார். மூன்று புள்ளிக் கோடும் அந்த ஆண்டு ஓரடி பின்னே, 20 அடி 9 அங்குலத்துக்குப் போனது. பந்தைத் தானே கொண்டுவந்து, தானே ஷாட் எடுக்கும் சுமையும் சேர்ந்ததால் அவருடைய மூன்று புள்ளி விகிதம் 43.9-லிருந்து 38.7-க்கு இறங்கியது. இருந்தும் ஆட்டத்துக்கு 28.6 புள்ளி எடுத்து நாட்டில் முதலிடம். லயோலா அணி ஆட்டம் முழுக்க இரண்டு பேரை அவர்மேல் நிறுத்தியபோது அவர் மூலையில் போய் நின்றுகொண்டார். மூன்று ஷாட் எடுத்தார், புள்ளி ஒன்றும் இல்லை. மீதி நால்வரும் மூவரை எதிர்த்து ஆடி 78-48 என்று வென்றீர்கள். பிரையண்ட் பார், வில் ஆர்ஷாம்போ, அன்று களத்தில் இருந்த எல்லாருக்கும் நன்றி. நட்சத்திர ஆட்டக்காரர் பூஜ்யத்தில் நிற்க, அணி 30 புள்ளியில் வெல்லும் ஆட்டம் கிடைப்பது அரிது.

பேராசிரியர்களே, படிப்பைப் பாக்கி வைத்துவிட்டு 2009இல் என்பிஏ-வுக்குப் போனவரை நீங்கள் கைவிடவில்லை. 2022இல் சமூகவியல் பட்டம் முடிக்கத் துணை நின்றீர்கள். பட்டம் பெற்றவரின் சட்டை எண்ணைத்தான் வேறு யாருக்கும் தராமல் ஓய்வு கொடுத்து வைப்போம் என்ற விதியை அவருக்காகக் கல்லூரி தளர்த்தவும் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று 30-ஆம் எண் பெல்க் அரங்கில் ஏறியது. அந்த விதியைக் காத்த கல்லூரி நிர்வாகத்துக்கும், பதின்மூன்று ஆண்டு கழித்துப் பாக்கிப் பாடங்களை எழுதி முடித்த கரிக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
கூடைப்பந்து பயிற்றுவிப்போர் சிலர்